மனை எண் முப்பத்துநாலு

தோஹா
12.6.2005

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கொளஞ்சிநாதன் எழுதிக்கொள்வது. இங்கே வெயிலைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? தைலம் வேண்டுமென்றால் ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

போனில் கூப்பிட்டால் மூன்று நிமிஷத்தில் "நல்லா இருக்கேன், வெச்சிடவா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில்தான் நீ பேசுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னை இப்போது தண்ணீர் லாரியில் போட்டிருக்கிறார்கள். ரோட்டின் நடுவில் நாங்கள் நட்ட மரங்களுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. ஊருடைய கழிவுநீரையே சுத்தம் செய்து குழாயில் விடுகிறார்கள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் அந்தத் தண்ணீர் சொட்டுகிறது. குழாய் அடைத்துக்கொண்ட இடங்களுக்கு நான் லாரியில் கொண்டுபோய் ஊற்றுகிறேன். நம் ஊரில் பீங்கான் சூளைப் புகையில் நின்றவன் இங்கே மரத்துக்குத் தண்ணி ஊற்றுகிறேன் என்றால் நீயே சிரிப்பாய்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் வீட்டுக்குக் கடைக்கால் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கல்யாணமாகி நான் இங்கே வந்ததிலிருந்து அன்புக்கரசி நம் பக்கத்து மங்களூர் கிராமத்தில் அவள் அப்பா வீட்டிலேயே இருக்கிறாள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் முத்துக்குமரன் நகரில் நீ பார்த்து, நீ சொல்லி வாங்கிய மனை அது. வீட்டுக்கும் நீயே படம் போட்டுக் கொடு. நகராட்சியில் ஊருக்கெல்லாம் படம் போடுகிறவள், தம்பிக்கு ஒன்று போடமாட்டாயா?

பதிலை எதிர்பார்த்து இருக்கும்
கொளஞ்சி


விருத்தாசலம்
3.7.2005

அன்புத் தம்பிக்கு அக்கா சிவசங்கரி எழுதுவது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் இறங்கும்போது தலையில் ஈரத்துணி போட்டுக்கொள்கிறாயா? என் கால் வலி இருக்கத்தான் செய்கிறது. இப்போது நடை வேறு அதிகம்.

ஆபீஸில் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. புது ஆணையர் சக்கரபாணி சார், ஊர் பெருகுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, மழைத்தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தங்குகிறது, எங்கே போகிறது என்று முழுக்க வரைபடம் போடச் சொல்லியிருக்கிறார். சாக்கடை கட்டுவதற்கு அல்ல. கல்லோடை ஓடுகிற வழி நெடுக இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது அடி கட்டடம் இல்லாமல் விட்டு, மருதும் புங்கனும் வைத்து, கரைக்கு வெட்டிவேர் போட்டு, ஊருக்கு ஒரு பச்சை வழி விடவேண்டும் என்கிறார். பீங்கான் கம்பெனிகளுக்குக் களிமண் வெட்டின பள்ளங்கள் கிடக்கின்றனவே, அவற்றை ஓடையோடு சேர்த்தால் வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் குளமாகிவிடும். எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருக்கிறது. அளவைச் சங்கிலி பிடிக்கிற பச்சமுத்துவும் நானும் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறோம்.

ஓடை என்று பெயர்தான். பாதி இடத்தில் உடைந்த பீங்கானைக் கொட்டி மேடாக்கி வைத்திருக்கிறார்கள். ஓடை எங்கே இருந்தது என்று நேரில் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தாலுகா ஆபீஸில் எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தைய அளவைப் படம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை வைத்துத்தான் கோடு போடுகிறோம்.

உன் பத்திரத்தில் மனை எண் முப்பத்துநாலு என்றுதானே இருக்கிறது? ஒருமுறை பார்த்து எழுது.

வீட்டை ஆவணியில் தொடங்க வேண்டாம். தையில் பார்க்கலாம். படம் போட்டு அனுப்புகிறேன்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
அக்கா


தோஹா
24.7.2005

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும்.

மனை எண் முப்பத்துநாலுதான். பத்திரத்தின் நகலை நீதானே வைத்திருக்கிறாய், ஏன் கேட்கிறாய்? ஆவணி ஏன் வேண்டாம் என்றும் நீ எழுதவில்லை. அன்புக்கரசியிடம் போனில் சொன்னேன். "தையின்னா தைதான். ஒங்க அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் ஓடை வேலையைப் பற்றி ரூமில் சொன்னேன். இங்கே என் மேஸ்திரி பாலக்காட்டுக்காரர். "மரம் வைக்கறதுக்கு முன்னால தண்ணிக்கு வழி வைக்கணும்" என்றார். உங்கள் ஆணையர் சொல்வதும் அதுதானே.

படத்தைச் சீக்கிரம் அனுப்பு. சமையலறை கிழக்கே இருக்கட்டும். முன்னால் இரண்டு பேர் உட்கார இடம் விடு.

உன் தம்பி
கொளஞ்சி


விருத்தாசலம்
4.9.2005

அன்புத் தம்பி கொளஞ்சிக்கு, நீ சுகமாக இருக்க கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. வேலை அப்படி.

நகர்மன்றக் கூட்டத்தில் வரைபடத்தை வைத்தோம். தேவநாதன் என்று ஒரு கவுன்சிலர். நல்ல மனிதர்தான், தன் வார்டுக்காக ஓடுகிறவர். எழுந்து நின்று, "தண்ணி போவணும், அவ்ளோதான? நாலடியில காங்கிரீட் வாய்க்கா கட்டிவுடுங்க. மரம் வெக்கறதுக்கு எதுக்குங்க எம்பதடி? அதுல எத்தினி ஜனங்களோட மனை போவுது தெரியுமா?" என்று கேட்டார்.

ஆணையர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். வாய்க்கால் தண்ணீரைத் தள்ளிவிடும், தங்க விடாது. தள்ளின தண்ணீர் கீழே மணிமுத்தாற்றுப் பக்கத்துக் குடிசைகளில்தான் போய் நிற்கும். மண்ணும் வேரும் இருந்தால் பாதியைக் குடித்துக்கொள்ளும் என்றேன். கோடை காலத்தில் கிணறுகளுக்கு அந்தத் தண்ணீர்தான் மிச்சம் என்றும் சொன்னேன்.

கூட்டம் முடிந்து தேவநாதன் என் மேஜைக்கு வந்தார். "ஒரு பென்சில் கோடுதானம்மா. முத்துக்குமரன் நகர்கிட்ட ஒரு அம்பதடி தள்ளிப் போட்டா யாருக்கு என்னா நட்டம்?" என்றார். தள்ளினால் மறுபக்கம் சூளை வேலைக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வந்துவிடும் என்றேன். அவர் திரும்பிப் போனார்.

வீட்டுப் படம் இதோடு இருக்கிறது. நீ கேட்டபடி சமையலறை கிழக்கே. மாடிப்படி வெளியில். மூன்று தரம் போட்டுக் கிழித்துவிட்டு, நாலாவது தரம் போட்டது.

சாப்பாட்டைக் கவனித்துக்கொள்.
அக்கா


தோஹா
2.10.2005

அன்புள்ள அக்காவுக்கு, படம் வந்தது. ரூமில் எல்லோருக்கும் காட்டினேன். தஞ்சாவூர்க்காரர் ஒருவர், "ஒங்க அக்கா கை சுத்தமான கை" என்றார். கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம் பார்க்கிறேன், வந்ததும் ஒரு தரம். எந்த ஜன்னல் வழியாக எது தெரியும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன்.

இங்கே மனசு ஒரு நிலையில் இல்லை. ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். நாங்கள் வைத்த மரங்களில் அடையாளம் போட்டிருக்கிறார்கள். சிவப்புப் பெயின்ட். என்ன செய்யப்போகிறார்கள் என்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

தை வரை சும்மா இருக்க என்னால் முடியாது. மாமனார் பாவாடையிடம் சொல்லிவிட்டேன். பெண்ணாடம் பக்கத்தில் செங்கல் நன்றாக இருக்கிறதாம். தீபாவளிக்கு முன் இரண்டு லோடு மனையில் இறக்கி வைக்கச் சொன்னேன். செங்கல் கிடந்தால் வீடு பாதி கட்டின மாதிரி ஒரு தெம்பு.

உன் தம்பி
கொளஞ்சி


விருத்தாசலம்
23.10.2005

அன்புத் தம்பிக்கு, நலம். நலமறிய ஆவல்.

செங்கல் இறக்க வேண்டாம். மழை தொடங்கிவிட்டது. நனைந்தால் பாசி பிடிக்கும். லாரி உள்ளே போகவும் வழி இல்லை. பாவாடை மாமாவிடம் நானே சொல்கிறேன் என்று பார்த்தேன், நீ சொன்னால்தான் கேட்பார்.

தை வரை பொறு. காரணத்தை அப்புறம் எழுதுகிறேன்.

அக்கா


விருத்தாசலம்
1.12.2005

அன்புத் தம்பி கொளஞ்சிக்கு,

அன்புக்கரசி நலமாக இருக்கிறாள். மாமாவுக்குக் காலில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, பயமில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ அவளிடம் பேசிவிட்டாய் என்று தெரியும். நான் ஐந்து தரம் கூப்பிட்டும் என்னிடம் நீ பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படி.

போன வாரம் மூன்று நாள் விடாத மழை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸுக்கு வந்தேன். பள்ளிக்கூடமெல்லாம் லீவு. கல்லோடையில் தண்ணீர் ஏறுகிறது என்று பச்சமுத்து நனைந்துகொண்டே வந்து சொன்னார். எந்தப் பக்கம் என்றேன். "முத்துக்குமரன் நகர் பக்கம்தான். ஒங்க தம்பி பொண்டாட்டி வேற அங்க கொட்டாயில இருக்குதேம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். தீபாவளி கழிந்ததும் செங்கல் வந்து இறங்கியதாம். அதைக் காவல் காக்க ஒரு கொட்டாய் போட்டு, பத்து நாளாக அப்பாவும் மகளும் அங்கேயே தங்கியிருக்கிறார்களாம். "ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் நடந்துகொள்ளவில்லை.

ஓடினோம். ரோட்டிலேயே முழங்கால் தண்ணீர். மனைகள் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரே வெள்ளம். அது தேங்கி நிற்கவில்லை, ஓடியது. பழைய படத்தில் எந்த வளைவில் ஓடை இருந்ததோ அதே வளைவில் ஓடியது. கொட்டாயின் கூரை சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. அன்புக்கரசி செங்கல் அடுக்கின் மேல் நின்றிருந்தாள். செங்கல் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தது. மார்பளவு தண்ணீர். ஒரு கையால் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தாள். அவருக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்தது.

பச்சமுத்துவின் தோளில் அளவைச் சங்கிலி இருந்தது. அதையே வீசினோம். எதிரே சூளை வேலைக்காரர் வரிசையில் குடியிருக்கும் திரௌபதி என்ற பெண், பீங்கானில் ப்யூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறவள், தன் வீட்டுத் தூணில் சங்கிலியைக் கட்டிக்கொண்டு இடுப்பளவுக்கு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு ஆண்கள். இழுத்து ஏற்றப் பதினொன்றரை மணி ஆயிற்று. அன்புக்கரசி என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "நீங்க எப்பிடி அண்ணி இவ்ளோ சீக்கிரம் வந்தீங்க?" என்பதுதான். பச்சமுத்து சொன்னார் என்று மட்டும் சொன்னேன். மீதியை இப்போது உனக்குச் சொல்கிறேன்.

எனக்குத் தெரியும், கொளஞ்சி. ஜூலை மாதமே தெரியும். பழைய படத்தை இன்றைய மனைப் படத்தின்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, ஓடை இருபத்தொன்பதில் நுழைந்து முப்பத்தாறில் வெளியே வந்தது. நடுவில் முப்பத்துநாலு. மனை முழுவதும். நம்பாமல்தான் உன்னிடம் எண்ணைக் கேட்டு எழுதினேன்.

இரண்டாயிரத்து இரண்டில் அந்த மனையை உனக்காகப் பார்த்தது நான். வறட்சி வருஷம். முள்ளும் பீங்கான் மேடுமாகக் கிடந்தது. ஓடை இருந்ததற்கு அடையாளமே இல்லை. மனை போட்டவர்களின் படத்தைப் பார்த்தேன். கோடுகள் நேராக இருந்தன, ரோடு முப்பதடி இருந்தது. படம் போடுகிற எனக்குப் படம் போதும் என்று நினைத்துவிட்டேன். பழைய படத்தைப் பார்க்க அன்றைக்கு ஒரு மணி நேரம் போதும். பார்க்கவில்லை.

தெரிந்தபிறகு ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். மன்றத்தில் இந்தத் திட்டமே விழுந்துவிடும், அப்போது சொல்லவேண்டிய அவசியம் இருக்காது என்று ஒரு பக்கம் ஆசைப்பட்டேன். அது விழக்கூடாது என்று இன்னொரு பக்கம் சண்டையும் போட்டேன். இரண்டையும் செய்தது நான்தான். சின்ன வயதிலிருந்து, அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நீ சொல்வாய். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக உன் மனைவியைத் தண்ணீரில் நிற்க வைத்தேன்.

கட்ட முடியாத வீட்டுக்குப் படம் போட்டு அனுப்பினேனே, அதை என்னால் எழுத்தில் விளக்க முடியாது.

மன்னிப்புக் கேட்க வரவில்லை. நடந்ததை எழுதினேன்.

சிவசங்கரி


விருத்தாசலம்
3.1.2006

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மாமா கட்டோடு உட்காருகிறார் என்று கேள்விப்பட்டேன். மங்களூருக்குப் போனேன். அன்புக்கரசி காபி கொடுத்தாள். வாசல் வரை வந்து, "பஸ்ஸு அஞ்சு மணிக்கு இருக்குது" என்றாள். அவ்வளவுதான்.

இன்று கல்லோடைத் திட்டத்தின் வரைவு அறிவிப்பு பேப்பரில் வந்திருக்கிறது. ஓடை எல்லைக்குள் வரும் மனைகளின் எண்கள் இருக்கின்றன. உன்னுடையதும் இருக்கிறது. கட்டடம் கட்ட முடியாது. பதிலுக்கு வேறு இடம் கொடுக்கவேண்டும் என்று குறிப்பில் நான் எழுதியிருக்கிறேன், கொடுப்பார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் ஆணையருக்கு எழுதலாம். விசாரணை பிப்ரவரி இருபத்திரண்டு.

உன்னிடம் இதையாவது நேரத்தில் சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன். அறிவிப்பின் நகல் உள்ளே இருக்கிறது.

பொங்கல் நல்லபடியாக இருக்கட்டும்.
அக்கா


அனுப்புநர்:
பெ. கொளஞ்சிநாதன்,
தற்சமயம் தோஹா.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

18.1.2006

ஐயா,

பொருள்: கல்லோடைப் பசுமை வழித் திட்டம் – முத்துக்குமரன் நகர் மனை எண் 34 – ஆட்சேபணை தெரிவித்தல் தொடர்பாக.

வணக்கம். மேற்படி மனை எனக்குச் சொந்தமானது. வெளிநாட்டில் உழைத்த பணத்தில், வீடு கட்டும் நோக்கத்தில் 2002-இல் வாங்கியது. எனக்கு வேறு மனையோ வீடோ கிடையாது. இதைத் திட்டத்திலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், இம்மனையைத் தங்கள் அலுவலகத்தில் வரைவாளராகப் பணிபுரியும் பெ. சிவசங்கரி என்பவரின் ஆலோசனையின்பேரில் வாங்கினேன். மனை ஓடையில் இருப்பது 2005 ஜூலையிலேயே அவருக்குத் தெரிந்திருந்தும் எனக்குத் தெரிவிக்கவில்லை. அதன் விளைவாக 24.11.2005 அன்று என் மனைவியும் மாமனாரும் வெள்ளத்தில் சிக்கினார்கள். மாமனாருக்குக் கால் முறிந்தது. இதையும் தாங்கள் விசாரிக்கவேண்டும்.

மேற்படி சிவசங்கரி என் உடன்பிறந்த சகோதரி ஆவார்.

இப்படிக்கு,
பெ. கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்
1.2.2006

அன்புத் தம்பி கொளஞ்சிக்கு அக்கா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாயா என்று உன் மனுவிலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை. கையெழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. உடம்பு சரியில்லையா?

திட்டம் பற்றிய தபால்கள் முதலில் என் மேஜைக்கு வரும். கவரைப் பார்த்ததும் எனக்கு எழுதியிருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். பிரித்துப் படித்தேன். பதிவேட்டில் ஏற்றினேன். எண் நூற்றுப் பதினேழு. நானே கொண்டுபோய் ஆணையர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு, "இதுல இருக்கறது உண்மையா?" என்று கேட்டார். உண்மை என்றேன். எழுதித் தரச் சொன்னார். தந்தேன்.

என்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பிறப்பு இறப்புப் பதிவில் உட்கார்ந்திருக்கிறேன். படங்களைக் கட்டி ஒப்படைத்தபோது பச்சமுத்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கிடைத்தது சரியான தண்டனைதான்.

ஒன்றை மட்டும் உனக்குத் தெரியப்படுத்த வேண்டும். இதுவரை முப்பது பேர் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தேவநாதன் உன் மனுவைத்தான் நகலெடுத்து வைத்திருக்கிறார். "கோடு போட்டவளே தன் தம்பிய ஏமாத்தியிருக்கா. அவ போட்ட கோட்ட எப்பிடி நம்பறது?" என்று வார்டு முழுக்கச் சொல்கிறார். அவர் கேட்பது நியாயமான கேள்விதான். உன் மனை நீங்கினால் மற்ற மனைகளையும் நீக்கவேண்டி வரும். ஓடை அந்த இடத்தில் அறுந்துபோகும். மேலேயிருந்து வருகிற தண்ணீர் திரௌபதி குடியிருக்கும் வரிசைக்குள் திரும்பும்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதினால் உன்னை மனுவை வாபஸ் வாங்கச் சொல்கிற மாதிரி ஆகும். எழுதாவிட்டால் மறுபடியும் மறைத்த மாதிரி ஆகும். அதனால் எழுதிவிட்டேன். வாபஸ் வாங்கு என்று நான் சொல்லவில்லை. என்னைப் பற்றி நீ எழுதினதில் ஒரு சொல்லும் தப்பு இல்லை.

எங்கிருந்தாலும் நலமாக இரு.
அக்கா


மங்களூர்
26.2.2006

அக்காவுக்கு,

நானும் அன்புக்கரசியும் நலம். மாமா தடி ஊன்றி நடக்கிறார். உன் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும் என்று அன்புக்கரசி சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நான் வந்து பத்து நாள் ஆகிறது. திரும்பிப் போகப் போவதில்லை. இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். மறைப்பதில் நானும் உனக்குக் குறைந்தவன் இல்லை. ஜனவரியிலேயே மரங்களைப் பிடுங்கினார்கள். நட்டவர்களையே பிடுங்கச் சொன்னார்கள். இயந்திரம் வேரோடு தூக்கும்போது குழாயும் சேர்ந்து வந்தது. வேலை முடிந்தது என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். உன் மேல் மனு எழுதினது அந்த வாரம்தான். கையெழுத்து சாய்ந்திருந்ததற்குக் காரணம் உடம்பு அல்ல.

விசாரணை அன்று நீ மேலே வரவில்லை. உன்னை வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. உன் ஜன்னலைத் தாண்டித்தான் மாடிக்குப் போனேன். நீ ஒரு பெரியவருக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய். தலையில் நரை அதிகமாகிவிட்டது. நீ என்னைப் பார்த்தாயா என்று தெரியவில்லை. நான் நிற்கவில்லை.

மேலே என்ன நடந்தது என்று பச்சமுத்து உனக்குச் சொல்லியிருப்பார். ஆனாலும் என் வாயால் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் அன்புக்கரசியைக் கூட்டிக்கொண்டு மனைக்குப் போனேன். நான் அந்த மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஈரம் இன்னும் போகவில்லை. மிஞ்சின செங்கல் சேற்றில் புதைந்து கிடக்கிறது. அவள் எங்கே நின்றாள் என்று காட்டச் சொன்னேன். காட்டினாள். "இங்க மறுபடி வூடு கட்டினீங்கன்னா நா வர மாட்டேன்" என்றாள். அக்காவால்தானே எல்லாம் என்று நான் தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. "தண்ணி அது பாட்டுக்கு அது வழியில வந்துச்சி. அது மேல என்னாத்துக்குக் கோவம்? ஒங்க அக்கா சொல்லாம வுட்டாங்க. அதுக்குக் கோவப்படுங்க, அது நாயம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தேவநாதன் எனக்காக வாசலில் காத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் தம்பி. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மனுவை வலியுறுத்துகிறீர்களா என்று ஆணையர் கேட்டார். எழுந்து நின்றேன். சொன்னேன். "எம் பொண்டாட்டி மார்பளவு தண்ணியில நின்ன எடம் சார் அது. அது ஓடதான். கோடு சரியாத்தான் போட்டிருக்குது. மனைய எடுத்துக்கிங்க. வேற எடம் தர்றதா இருந்தா எழுத்துல குடுங்க. ஆனா எங்க அக்கா மேல நா குடுத்த புகார் இருக்கட்டும். அத நா வாபஸ் வாங்கல."

ஆணையர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மனுவுல இருக்குதே. ஒண்ண மட்டும் எப்பிடிங்க வாபஸ் வாங்குவீங்க?" என்றார். "ஒரு பேப்பர் குடுங்க சார், ரெண்டாப் பிரிச்சி எழுதித் தர்றேன்" என்றேன். மன்றத்து மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். என்னைச் சுற்றி இருபது முப்பது பேர் நின்றார்கள். முதல் தாளில் மனையைப் பற்றி நாலு வரி. சட்டென்று முடிந்துவிட்டது. இரண்டாவது தாளில் உன் பெயரை மறுபடி எழுதத்தான் நேரமாயிற்று.

எழுதி முடித்ததும் இருபத்தொன்பதாம் மனைக்காரர் வந்து என் தாளை வாங்கிப் படித்தார். தன்னுடைய மனுவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கொடுத்தாரா இல்லையா என்று பார்க்கவில்லை. தேவநாதன் கீழே இறங்கிப் போனார். கோடு நிற்கும் என்று நினைக்கிறேன். நிற்காமலும் போகலாம்.

சேத்தியாத்தோப்பில் நாற்றுப் பண்ணை ஒன்றில் வேலை கேட்டிருக்கிறேன். அன்புக்கரசி மறுபடியும் அப்பா வீட்டில்தான். இப்போது நானும்.

உன் வீட்டுக்கு வர எனக்கு இன்னும் கால் எழவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான், தெரியும். நீயும் இப்போதைக்கு இங்கே வரவேண்டாம். கடிதம் போடு. நான் கோபப்படுகிற விஷயமாக இருந்தாலும் அதை முதலில் எழுது.

கொளஞ்சி